பள்ளியில் மனக்கவனப் பயிற்சி: எவருக்கு, எந்த அளவுக்கு?

கேள்வி: பல பள்ளிகள் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற பெயரில் வகுப்பு நடத்துகின்றன. இது தியானமா, யோகாசனமா? ஏதேனும் ஒரு சமயத்தைச் சார்ந்ததா?
— ஒரு பெற்றோர், மதுரை

பதில்: நிகழும் கணத்தில் உடலிலும் மனத்திலும் சுற்றுப்புறத்திலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று உடனே முடிவு கட்டாமல் கவனிக்கப் பழகுவதே மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் மனக்கவனப் பயிற்சி. இதன் வேர் பௌத்த தியான மரபில் இருப்பினும், இன்று பள்ளிகளுக்கு வந்துள்ள வடிவம் மருத்துவச் சூழலில் உருப்பெற்றதாகும். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்புற்றோருக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். மூச்சைக் கவனித்தல், எளிய யோகாசனங்கள், உடலின் ஒவ்வொரு பகுதியிலும் தோன்றும் உணர்வை வரிசையாகக் கவனித்துச் செல்லுதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. வழிபாட்டுக்கும் சமயக் கோட்பாட்டுக்கும் அதில் இடமில்லை. பின்னர் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும், மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டவரை அது மறுபடி தாக்காதிருக்க, இப்பயிற்சியை எண்ணப்போக்கைச் சீரமைக்கும் அறிதிறன் சிகிச்சையுடன் இணைத்தனர். பள்ளித் திட்டங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் சுருக்கி, வளரிளம் பருவத்தினருக்கு ஏற்ப மாற்றியமைத்தவை.

கேள்வி: மூச்சைக் கவனிப்பதால் தேர்வுப் பயம் எப்படிக் குறையும்?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

பதில்: அச்சுறுத்தல் ஒன்றை மூளை உணர்ந்தவுடன் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகள் இரத்தத்தில் கூடுகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்திலிருந்து தப்புவதற்கு உடல் செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு, தேர்வு முடிவு குறித்த கற்பனையாலும் தூண்டப்படக்கூடியது. வளரிளம் பருவத்தில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் முன்னதாகவே முனைப்புற்றுவிட, திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்நெற்றிப் புறணி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பதால், எழுந்த கலக்கம் தணிவதற்கு நேரம் பிடிக்கிறது.

இங்கே பயிற்சி இரு வழிகளில் உதவக்கூடும். மூச்சை நிதானமாக, வெளிமூச்சைச் சற்றே நீட்டி விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது என்பது ஒன்று. ‘தோற்றுவிடுவேன்’ என்ற எண்ணம் எழும்போது, அதை நடக்கப்போகும் உண்மையாகக் கொள்ளாமல், மனத்தில் தோன்றி மறையும் ஓர் எண்ணமாக மட்டும் அடையாளம் காணப் பழகுவது மற்றொன்று. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் மனச்சோர்வுக்கு இட்டுச் செல்லும் முக்கியமான வழி என்பதால், இரண்டாவது பயனையே உளவியலாளர்கள் பெரிதாகக் கருதுகின்றனர். எனினும், பயம் முழுவதும் நீங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. பயம் இருக்கும்போதே வினாத்தாளை நிதானமாகப் படிக்க முடிவதே இப்பயிற்சியால் கிட்டக்கூடிய பலன்.

கேள்வி: இத்திட்டங்கள் பயன் தருகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டா?
— ஒரு பள்ளி ஆசிரியர், திருச்சி

பதில்: சான்று உண்டு, ஆனால் அது ஒரே திசையில் இல்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மனநலச் சிகிச்சை பெற்றுவந்த 14 முதல் 18 வயது வரையிலான 102 பேர் ஆராயப்பட்டனர். வழக்கமான சிகிச்சையோடு எட்டு வாரப் பயிற்சியும் பெற்றவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வு அறிகுறிகளும் கூடுதலாகக் குறைந்தன. 2016இல் வெளியான பால்டிமோர் நகர ஆய்வில், வறுமையும் வன்முறையும் மிகுந்த சூழலில் வாழ்ந்த 300 மாணவர்களில் ஒரு பிரிவினர் 12 வாரம் மனக்கவனப் பயிற்சியும், மற்றொரு பிரிவினர் அதே அளவு சுகாதாரக் கல்வியும் பெற்றனர். முதற்பிரிவினரிடம் மனச்சோர்வும் கவலையை அசைபோடுதலும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலும் குறைவாகக் காணப்பட்டன. 2019இல் 33 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பயன் உண்டு, ஆனால் அது சிறிய அளவினது என்ற முடிவு கிடைத்தது.

இந்த நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்தது, பிரிட்டனில் நடத்தப்பட்டு 2022இல் முடிவுகள் வெளியான ‘மிரியாட்’ ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லெம் குய்கென் தலைமையேற்ற இந்த ஆய்வில், 84 பள்ளிகளைச் சேர்ந்த, 11 முதல் 13 வயது வரையிலான 8,376 மாணவர்கள் பங்கேற்றனர். எந்தப் பள்ளிக்கு எந்தப் பாடம் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஒரு பிரிவுப் பள்ளிகளில் ஆசிரியர்களே பயிற்சி பெற்றுப் பத்து மனக்கவன வகுப்புகளை நடத்தினர், மறு பிரிவில் வழக்கமான சமூக, மனவெழுச்சிக் கல்வி தொடர்ந்தது. ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது, மனச்சோர்வு அபாயத்திலோ நடத்தையிலோ மனநலனிலோ மனக்கவனப் பிரிவு மேம்பட்டிருக்கவில்லை. ஆசிரியர்களின் பணிச்சோர்வு குறைந்ததும் பள்ளிச் சூழல் சற்றுச் சீர்பட்டதும் ஆறுதலான விளைவுகள் என்றாலும், அவையும் காலப்போக்கில் பெரும்பாலும் மங்கின.

இந்தத் தோல்விக்கான காரணத்தை, மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பயிற்சியைச் செய்யவே இல்லை என்ற செய்தி ஓரளவு விளக்குகிறது. முந்தைய சிகிச்சை ஆய்வில் பங்கேற்றோர் துன்பத்தை உணர்ந்து உதவி நாடி வந்தவர்கள். பால்டிமோரில் நீண்ட அனுபவமுள்ள பயிற்றுநர்கள் கற்பித்தனர். பிரிட்டனிலோ, கேட்டு வராத வயதினர்க்கு, அண்மையில் கற்ற ஆசிரியர்களால், கால அட்டவணையில் ஒரு பாடமாக அது வழங்கப்பட்டது. ஆகவே, பயிற்சியின் பெயரைக் காட்டிலும், கற்பவரின் விருப்பமும் கற்பிப்பவரின் தேர்ச்சியும் அன்றாடப் பழக்கமுமே பயனைத் தீர்மானிக்கின்றன என்று கருதுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

கேள்வி: பயன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே, எல்லா மாணவரையும் உட்கார வைத்தால் என்ன?
— ஒரு பள்ளித் தாளாளர், கோவை

பதில்: தீங்கு இல்லை என்று உறுதி கூற இயலாது. மனநலச் சிக்கலுக்கான அபாயம் மிகுந்திருந்த மாணவர்களுக்கு இப்பயிற்சி சற்றே பாதகமாக அமைந்திருக்கக்கூடும் என்ற குறிப்பு மிரியாட் ஆய்விலேயே வெளிப்பட்டது. வன்முறையையோ இழப்பையோ அனுபவித்த பிள்ளை, கண்களை மூடி அமைதியாக அமரும் நேரத்தில், அடக்கி வைத்திருந்த நினைவுகள் மேலெழுந்து மிரளலாம். எனவே கண்களைத் திறந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டோ, மூச்சுக்குப் பதிலாகத் தரையில் ஊன்றிய பாதங்களைக் கவனித்துக்கொண்டோ இருக்கவும், விருப்பமில்லையெனில் காரணம் சொல்லாமலே விலகி நிற்கவும் மாணவருக்கு உரிமை இருக்க வேண்டும். தண்டனையாகவோ வகுப்பை அமைதிப்படுத்தும் உத்தியாகவோ இதைப் பயன்படுத்தும் பள்ளி, பயிற்சியின் அடிப்படையையே குலைக்கிறது.

தொடர்ந்து பல நாள் தூக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை தென்பட்டால் அந்த மாணவருக்கு உடனடியாகத் தேவைப்படுவது மருத்துவ உதவி. மூச்சுப் பயிற்சி அதற்கு ஈடாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் மனநல ஆலோசனை பெறலாம்.

கேள்வி: அப்படியானால் ஒரு பள்ளி இதை எவ்வாறு தொடங்குவது முறை?
— ஒரு தலைமையாசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதலில் கற்க வேண்டியவர்கள் ஆசிரியர்களே, தாமே சில மாதங்கள் பயின்று பயனையும் சிரமத்தையும் உணராதவர் மாணவரை வழிநடத்த முற்படுவது பொருத்தமன்று. அடுத்து, கட்டாய வகுப்பாக அன்றி, விரும்பும் மாணவர்கள் சேரும் சிறு குழுவாக, நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் எனத் தொடங்கி, உட்கார்ந்திருக்க இயலாதவர்களுக்கு நடையையோ உடலசைவையோ கவனிக்கும் பயிற்சியைத் தரலாம். எதை, எந்த நேரத்தில் செய்வது என்பதில் மாணவர்களின் கருத்தைக் கேட்பது, அவர்கள் அதைத் தொடர்வதற்கான வாய்ப்பைக் கூட்டும். மதிப்பெண்ணோ போட்டியோ இதில் கூடவே கூடாது.

அனைத்திற்கும் மேலாக, மன அழுத்தத்தின் காரணங்களைப் பள்ளியும் வீடும் ஆராய்ந்து குறைக்க வேண்டும். விடியற்காலைச் சிறப்பு வகுப்பும் இரவு நேரத் தனிப்பயிற்சியும் பிள்ளையின் உறக்கத்தைப் பறிக்க, மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டி ஒருவரை மற்றவரோடு ஒப்பிடும் வழக்கம் தொடர, கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளையின் புகாரைக் கேட்க எவரும் இல்லாத நிலையில், பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது, பெரியவர்களின் கடமையைப் பிள்ளையின் தலையில் சுமத்துவதாகும். போதிய உறக்கமும், விளையாட நேரமும், அச்சமின்றிப் பேசுவதற்கு ஒரு பெரியவரும் உறுதிசெய்யப்பட்ட பள்ளியில் மனக்கவனப் பயிற்சி நல்ல துணையாக அமையும். அவற்றை மறுத்துவிட்டு அதை மட்டும் வழங்கும் பள்ளி, மாணவர் நலனில் தன் பொறுப்பை நிறைவேற்றியதாகக் கூறிக்கொள்ள இயலாது.