சிவப்புக்கு ஒரு எக்ஸ்போஷர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கோபுரப் படங்களைப் பார்த்தேன். கோணம் அருமை. ஆனால் சுதைச் சிற்பங்களின் உடையில் சாயங்கால வெயில் பட்ட இடமெல்லாம் சிவப்பு ஆரஞ்சாக வெளிறி, மடிப்பே தெரியாமல் தட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய சாச்சுரேஷனைக் கூட்டியிருக்கிறாய். அது உதவாது.

சென்சாரில் ஒரு பிக்சல் ஒரே நிறத்தைத்தான் வாங்கும். பாதி பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. சிவப்புச் சாயத்தின் மேல் மஞ்சள் வெயில் விழுந்தால் சிவப்பு சேனல் முதலில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகும் பச்சை ஏறிக்கொண்டே போகும். சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்வது அதனால்தான். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் இது பிடிபடாது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராமை வைத்துப் பார்.

இனிமேல் சிவப்புக்கென்றே ஒரு எக்ஸ்போஷர் எடு. திரையில் படம் இருட்டாகத் தெரிந்தால் தெரியட்டும், சிவப்பு நிரம்பாமல் இருந்தால் போதும். மாடக்குழிக்குள் இருக்கும் நீலத்துக்கும் பச்சைக்கும் நீளமான இன்னொன்று. இடையில் ஒன்று. முக்காலி, ரா கோப்பு, மாறாத ஒயிட் பேலன்ஸ். ஷட்டரை மட்டும் மாற்று. அப்பர்ச்சரைத் தொட்டால் ஃபோகஸின் ஆழம் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. சேர்க்கும்போது ஒவ்வொரு நிறத்தையும் அது நன்றாகப் பதிந்த படத்திலிருந்து எடுத்துக்கொள். நிழலே இல்லாமல் எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டும் எச்.டி.ஆர். பாணி எனக்கு ஒப்பாது. நிழல் இருந்தால்தான் நிறத்துக்குக் கனம்.

நிழலில் நீலம் புள்ளி புள்ளியாகத் திட்டுத்திட்டாக வருகிறதா? அதே எக்ஸ்போஷரில் நான்கு படம் எடுத்துச் சராசரி பார். நாய்ஸ் பாதியாகக் குறையும். கால் பங்காக்க 16 படம் வேண்டும். நான் பெரும்பாலும் நான்கோடு நிறுத்திக்கொள்வேன்.

நிறங்களைத் தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பதற்கு, புகைப்படக் கலைஞர் புரோக்குதின்-கோர்ஸ்கியின் படங்களைத் தேடிப் பார். 1909 முதல் 1915 வரை ரஷ்யப் பேரரசு முழுக்கச் சுற்றியவர். நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியே ஒவ்வொரு காட்சியையும் அடுத்தடுத்து மூன்று முறை கறுப்பு வெள்ளையில் பதிந்தார். அந்தக் கண்ணாடித் தகடுகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 1911-இல் எடுத்த புகாரா அமீரின் நீலப் பட்டங்கியைப் பெரிதாக்கிப் பார். அமீர் அசையாமல் உட்கார்ந்ததால் பூவேலை துல்லியமாக நிற்கிறது. ஆற்றுப் படங்களிலோ அலை நகர்ந்துவிட்டதால், நீரின் மேல் சிவப்பும் பச்சையும் நீலமும் பிரிந்து தெறிக்கின்றன.

உனக்கும் இதே தொல்லை வரும். கோபுரம் அசையாது, புறா பறக்கும், கொடி ஆடும். அந்த இடங்களை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள். அடுத்த முறை சேர்த்த படத்தோடு மூன்று ரா கோப்புகளையும் அனுப்பு. முதலில் அந்த இருட்டுப் படத்தைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அண்ணன்