மரபணு மருந்தும் உறைநிலை உலர்த்தலும்: குளிரே பகையாகும் இடம்

2021ஆம் ஆண்டு கரும்பூஞ்சை நோய் பரவிய நாட்களில், லிப்போசோம் ஆம்ஃபோடெரிசின் குப்பியைத் தேடி ஊர் ஊராக அலைந்த உறவினர் சிலர், அதனைப் பனிக்கட்டிகளுக்கு நடுவே புதைத்து எங்களிடம் கொணர்ந்தனர். குளிர் மிகுந்தால் மருந்து பத்திரமாக இருக்கும் என்பது அவர்களது எண்ணம். கொழுப்புத் துகளில் பொதிந்த மருந்துகளுக்கு அந்த எண்ணம் பொருந்தாது. மரபணு மருந்துகள் பற்றி இப்போது எங்களிடம் கேட்போர் பெருகி வருவதால், இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

டி.என்.ஏ.வையோ ஆர்.என்.ஏ.வையோ தனியே இரத்தத்தில் செலுத்தினால் நொதிகள் விரைவில் சிதைத்துவிடும். எஞ்சுவதும் உயிரணுவின் சவ்வைத் தானே கடக்காது. எனவே அதற்கு ஓர் ஊர்தி தேவை. வைரசையே ஊர்தியாக்குவது ஒரு வழி. நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்பு, டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு உயிரணுவுக்குள் சேர்க்கும் என்று ஃபிலிப் ஃபெல்க்னரும் அவருடைய குழுவினரும் 1987இல் காட்டியது மற்றொரு வழி. அந்தப் பாதையில் வந்த கொழுப்பு நானோ துகள் மருந்தான பட்டிசிரான், பரம்பரை அமிலாய்டு நரம்பு நோய்க்காக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்துகள்கள் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுடையவை. தலைமுடியின் தடிமனில் இது ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு.

தேங்காய்ப்பாலை உறைய வைத்து உருக்கினால் கொழுப்பு திரிந்து தனியே நிற்பதை அடுக்களையில் காணலாம். இங்கும் நிகழ்வது ஏறக்குறைய அதுவே. நீர் பனிப்படிகமாகும்போது துகள்களை எஞ்சிய சிறு இடுக்குகளுக்குள் நெருக்குகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிட்டால் மரபணு உரிய இடம் சேராது. பட்டிசிரான் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்கப்பட வேண்டும், உறையவே கூடாது என்பது இதனால்தான். ஆயினும் நீரில் நெடுங்காலம் வைத்திருப்பதும் ஆர்.என்.ஏ.வுக்கு நல்லதன்று. நீரே அதன் இழையை மெல்ல அறுக்கும்.

எனவே நீரை அகற்ற வேண்டும். அதற்கான முறையே உறைநிலை உலர்த்தல். கரைசலைச் சர்க்கரையோடு உறைய வைத்து, காற்றழுத்தத்தை வெகுவாகக் குறைத்தால், பனிக்கட்டி உருகாமலே நேரே ஆவியாகும். ஒட்டியிருக்கும் ஈரத்தைப் பின்னர் மெல்லிய வெப்பத்தால் நீக்குகின்றனர். பெருஞ்செயலைச் செய்வது சர்க்கரையே. சுக்ரோஸ் அல்லது ட்ரெஹலோஸ் படிகமாகாமல் கண்ணாடி போல் இறுகி, ஒவ்வொரு துகளையும் தனித்தனியே சிறைப்படுத்துகிறது. நீர் விலகிய இடத்தில் கொழுப்பின் தலைப்பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. அந்தக் கண்ணாடியினுள் ஈரம் புகுந்தால் அது இளகிவிடும். ஆகையால் குப்பியின் ரப்பர் மூடி எங்கள் கண்ணுக்கு அற்பமான பொருளன்று.

இது கைகூடும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. புனேயின் ஜென்னோவா நிறுவனம் உருவாக்கிய ஜெம்கோவாக்-ஓஎம் என்னும் எம்.ஆர்.என்.ஏ. கோவிட் தடுப்பூசி, உலர்த்திய வடிவில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கத்தக்கதாக 2023இல் அவசரகால ஒப்புதல் பெற்றது. 2020இல் வந்த ஃபைசர் தடுப்பூசிக்கு மைனஸ் 70 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டியிருந்ததை நினைத்தால் வேறுபாடு விளங்கும். எனினும் எல்லா மரபணு மருந்துகளும் இப்படிப் பொடியாகிவிடவில்லை. ஒரு கலவைக்குப் பொருந்தும் சர்க்கரை அளவு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

பொடி மருந்தை மீண்டும் கரைப்பதிலும் பிழை நேரலாம். உலர்த்திய லிப்போசோம் ஆம்ஃபோடெரிசினை ஊசிக்குரிய தூய நீரில் கரைத்து, பின்னர் டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில்தான் கலக்க வேண்டும். சலைன் பட்டால் வீழ்படிவாகும். இரண்டும் தெளிந்த நீராகவே தோன்றுவதால் ‘ஏதாவது ஒன்று போதாதா’ என்று கேட்கின்றனர். போதாது. கரைத்தபின் மருந்துக்கு மணிக்கணக்கே ஆயுள்.

வெளியே மருந்து வாங்கி வருவோர் குளிர்ப்பொதியைத் துணியில் சுற்றி, குப்பி அதன்மேல் நேரே படாதவாறு கொணர்க. வீட்டில் ஃப்ரீசர் தட்டிலோ, அதனை ஒட்டியோ வைக்க வேண்டாம். வழியில் உறைந்து பின் உருகியிருந்தால், தெளிவாகத் தோன்றினாலும் செவிலியரிடம் கூறுங்கள். துகள்கள் ஒட்டியிருப்பதைக் கண்ணால் எப்போதும் அறிய முடியாது. விலையுயர்ந்த குப்பி என்பதால் சொல்லத் தயங்குவீர்கள் என்பதை அறிவோம். கடிந்துகொள்ள மாட்டோம். குப்பியை ஏற்றும் முன் அச்செய்தி எங்களுக்கு வேண்டும்.