அளவெடுத்துட்டு அப்புறம் கத்திரியை எடு, கண்ணு!

பீரோவைத் திறந்தா துணி மேல சரியுது. ஆனா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மட்டும் "உடுத்த ஒண்ணுமே இல்லை"ன்னு புலம்பல். அதுல பாதி, பழசானதால மூலையில கிடக்கலை கண்ணு. தோள் இறங்குது, கை பிடிக்குது, இடுப்பு நிக்கலை, அதனால கிடக்குது. செருப்பு ஸ்டாண்டுல தூங்குற ஜோடிகளும் அப்படித்தான். அளவைச் சரி பண்ணிட்டா பழசே புதுசு.

நம்ம சேலம் பக்கத்துல பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. இளம்பிள்ளையில சேலை, ராசிபுரத்துல பட்டு, குமாரபாளையத்துல கைலி, அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டினா பவானி ஜமக்காளம், செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு, நாமக்கல்லுல லாரி டயர். தலையில இருந்து கால் வரைக்கும் வேண்டியது கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கு.

1. முதல்ல ஒரு அளவு நோட்டு

உனக்குக் கச்சிதமா இருக்கிற ஒரு டாப், ஒரு பிளவுஸ் எடு. தரையில விரிச்சு, சுருக்கம் நீவி, தோள், ஆம்ஹோல், மார்பு, இடுப்பு, கை நீளம், உயரம் எல்லாத்தையும் அளந்து எழுது. உடம்புல டேப் வச்சு எடுக்கிறதைவிட இது நம்பகம். எவ்வளவு லூஸ் விட்டா உனக்கு வசதியோ, அது அந்தத் துணியிலயே இருக்கு.

கால் அளவைச் சாயங்காலம் எடு. நாள் பூரா நின்னு நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில அளந்து தச்ச ஷூ சாயங்காலம் கடிக்கும். தாள் மேல முழு எடையையும் வச்சு நில்லு. பென்சிலை நிமிர்த்திப் பிடிச்சு வேற யாராவது சுத்திக் கோடு போடட்டும், நீயே குனிஞ்சா எடை மாறிடும். ரெண்டு காலையும் வரைஞ்சு, எது பெருசோ அதையே அளவா வச்சுக்கோ. நீளமான விரலுக்கு முன்னால 1 செ.மீ. விடு. விரல் ஆரம்பிக்கிற அகலமான இடத்துல டேப்பைச் சுத்தி அதையும் குறிச்சுக்கோ. கடை நம்பரை மட்டும் நம்பாதே. ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் நீளத்துல சுமார் 8.5 மி.மீ. கூடும், அவ்வளவுதான். உன் கால் அகலமா ஒல்லியான்னு அந்த நம்பருக்குத் தெரியாது.

2. பட்டுச்சேலையா? வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு

அம்மாவோட பட்டுச்சேலையைக் குர்தி ஆக்கணும்னு ஆசை. கத்திரி வைக்கிறதுக்கு முன்னால ஜன்னலோரம் கொண்டு போய்ப் பிடி. வருஷக்கணக்கா ஒரே மடிப்புல இருந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டுலதான் இத்துப் போகும். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரலை வச்சு லேசா இழு. நூல் விலகி வெளிச்சம் தெரிஞ்சா அங்கே சாக்பீஸால கோடு போட்டுடு. பேட்டர்னை அந்தக் கோடுகளுக்கு நடுவுல வை. கோட்டு மேல ஆம்ஹோலோ பக்கத் தையலோ வந்தா, முதல் தடவை கையைத் தூக்கும்போதே கிழியும்.

பழைய சேலையில நிஜ வெள்ளி ஜரிகை இருக்கலாம். தெருவுல கூவிக்கிட்டு வர்றவங்ககிட்ட போடுறதுக்கு முன்னால, தெரிஞ்ச ஜவுளிக்காரர்கிட்ட காட்டிக் கேளு. சேலை உடல் இத்துப் போனாலும் பார்டர் பெரும்பாலும் திடமா இருக்கும். அதைத் தனியா எடுத்துக் கைப்பட்டிக்கும் கழுத்துக்கும் வை.

லைனிங் துணியை ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, காய வச்சு, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டணும். இல்லைன்னா முதல் சலவையில லைனிங் மட்டும் சுருங்கி, மேல இருக்கிற பட்டை உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கும்.

3. இளம்பிள்ளைச் சேலை, அப்பா சட்டை, கைலி

சேலை அஞ்சரை மீட்டர். முழங்காலுக்குக் கீழ வர்ற குர்திக்கு ரெண்டரை, துப்பட்டாவுக்கு ரெண்டரை, மிச்ச அரை மீட்டர் முந்தானை முன்பக்க யோக்குக்கு. இளம்பிள்ளைச் சேலை வழுக்கும். தரையில பழைய பருத்திப் பெட்ஷீட்டை விரிச்சு அது மேல போட்டு வெட்டு, நகராது. மெல்லிய துணிக்கு மெஷின்ல 11ஆம் நம்பர் ஊசி போடு.

அப்பாவோட பழைய சட்டையில் நமக்கு லாபம் பட்டன் பட்டிதான். காஜா எடுக்கிற கஷ்டமான வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்கு. அதை அப்படியே குர்தியோட முன்பக்கமா வச்சுக்கிட்டு, தோளையும் பக்கத்தையும் உன் அளவுக்குப் பிடி. காலர் நைஞ்சிருந்தா பிரிச்சு, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தச்சுடு.

கைலியில ஸ்கர்ட் நல்லா நிக்கும், நம்ம ஊர் வெயிலுக்கும் ஏத்தது. கட்டம் போட்ட துணின்னா ஒவ்வொரு கோட்டுலயும் குண்டூசி குத்தி, கட்டத்தோட கட்டம் சேர்த்துட்டுத் தை. கட்டம் சேரலைன்னா எவ்வளவு நேர்த்தியா தச்சாலும் அவசரத்துல தச்சதாத்தான் தெரியும்.

எதைத் தச்சாலும் முதல்ல கையால ஓட்டுத் தையல் போட்டு, உடுத்திப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, கை தூக்கிப் பார்த்துட்டு அப்புறம் மெஷின்ல ஏத்து. பக்கத் தையல்ல ஒரு இஞ்சு உள்ளே விட்டு வை, பின்னாடி பிரிச்சுக்கலாம்.

4. ஜமக்காளத்துல ஷூ

பவானி ஜமக்காளத்துக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைச்சது. 2023ல வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா அதை லண்டன் ஃபேஷன் வாரத்துல மேடை ஏத்தினார். லண்டனுக்கே போன துணி, நம்ம காலுக்கு வரக்கூடாதா? கெட்டித் துணிங்கிறதால ஷூவோட மேல்பாகத்துக்கு, அதாவது அப்பருக்கு, அருமையா நிக்கும்.

தோல் ஷூ செய்ய உன் கால் அளவுல லாஸ்ட்டுன்னு சொல்ற அச்சுக்கட்டை வேணும். அதை முறையா கத்துக்கணும்னா சென்னை கிண்டியில மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கு. வீட்டுல ஆரம்பிக்கிறவங்களுக்கு முன்துண்டு, குதிகால் துண்டுன்னு ரெண்டே துண்டு இருக்கிற துணி ஷூ போதும்.

பேட்டர்ன் எடுக்கிறது இப்படி: பழைய சாக்ஸைக் காலுல மாட்டி, மேல முழுக்கக் காகித டேப்பை ஒட்டு. ஷூ எங்க வரைக்கும் வரணுமோ அங்கே பேனாவால கோடு போடு. கழட்டி, கோட்டோட வெட்டித் தட்டையா விரிச்சா உன் காலோட பேட்டர்ன் ரெடி.

ஜமக்காளம் வெட்டின உடனே நூல் நூலா உதிரும். அதனால சாக்பீஸ் கோட்டு மேல முதல்ல ஒரு மெஷின் தையல் ஓட்டு, அதுக்கு வெளியே அரை இஞ்சு விட்டு வெட்டு. 16 இல்லைன்னா 18ஆம் நம்பர் ஊசி வேணும். உள்ளே பழைய வேட்டித் துணி லைனிங் கொடு, வேர்வையை இழுக்கும். ஆனா அதுக்கெல்லாம் முன்னால, ஈர வெள்ளைத் துணியால ஜமக்காளத்தை அழுத்தித் தேய்ச்சுப் பாரு. சாயம் ஏறினா, விடுற வரைக்கும் அலசணும், இல்லைன்னா பாதம் சிவந்திரும்.

5. நாமக்கல் டயர்ல சோல்

டயர் செருப்பு நம்ம தாத்தா காலத்துச் சமாச்சாரம், இன்னிக்கும் அதைத் தேய்ச்சுத் தீர்க்க முடியாது. பழைய டயர்க் கடையில கேட்கும்போது "நைலான் டயர்"னு சொல்லிக் கேளு. ரேடியல் டயருக்குள்ளே இரும்புக் கம்பி இருக்கும். வெட்டவும் வராது, நாளைக்குக் கம்பி வெளியே வந்து காலைக் குத்தும். நடுப்பகுதி கனம், பக்கச்சுவர் மெல்லிசு. பொம்பளைப் பிள்ளைங்க ஷூவுக்குப் பக்கச்சுவரே போதும். பழைய டியூப்பை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டினா, இழுபடுற பின்வார் கிடைக்கும்.

6. பசையை மட்டும் நம்பாதே

ரப்பரை உப்புத்தாளால சொரசொரப்பாக்கு. செருப்புக்குப் போடுற ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, கையில ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் காத்திரு. 10, 15 நிமிஷம் ஆகும். அப்புறம் ஒட்டிச் சுத்தியால தட்டு. ஈரத்தோட ஒட்டினா நிக்காது. அந்தப் பசை தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில வேண்டாம், ஜன்னலைத் திறந்து வை.

சித்திரை வெயில்ல தார் ரோட்டுலயும் வண்டி டிக்கியிலயும் பசை இளகும். அதனால ஓரம் சுத்தித் தையல் கட்டாயம். நூலை மெழுகுவர்த்தியில ரெண்டு தடவை இழுத்துட்டுத் தச்சா வழுக்கிக்கிட்டுப் போகும், தண்ணிக்கும் தாங்கும்.

7. உன் முத்திரை ஒண்ணு போதும்

அறுந்த கொலுசு டப்பாவுல கிடக்குதா? அதோட முத்துகளை ஷூ பின்வாருல வரிசையா கோத்துடு. இல்லைன்னா, ஷூவுல போட்ட அதே ஜமக்காளக் கோட்டை குர்தி பாக்கெட்டுல ஒரு துண்டா வை. ஷூவுலயும் துணியிலயும் ஒரே நிறம் ஒரு இடத்துல பேசினா போதும். ரெண்டாவது அலங்காரம் தேடினா திருவிழாக் கடையாயிடும்.

8. எதைக் கைமாத்தி விடணும்?

டயர் சோலை வெட்டுறதும் ஓரத் தையலும் செருப்புத் தைக்கிற அண்ணன் கிட்ட போகட்டும். அவர்கிட்ட இருக்கிற குத்தூசியும் கைப்பழக்கமும் உனக்கு வர நாளாகும். பட்டுல கழுத்து வெட்டுறதை டெய்லர்கிட்ட விடு. கேட்கிற கூலியைப் பேரம் பேசாம கொடுத்துட்டு, பக்கத்துல நின்னு கவனி. ஜமக்காளத்துல கத்திரி வைக்கிறதுக்கு முன்னால, பழைய ஜீன்ஸ் துணியில ஒரு ஜோடி தச்சு வீட்டுக்குள்ளேயே நடந்து பாரு. எங்க கடிக்குதோ அங்கே பேட்டர்னைத் திருத்தி, தேதியோட நோட்டுல எழுதி வை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அளவெல்லாம் புதுசா எடு. உடம்பு மாறும், கால் மாறும், நோட்டும் கூடவே மாறணும்.