கணக்கு மேசை: கலவையில் மிச்சம், பருப்பில் நஷ்டம்

மிக்ஸ் வேரியன்ஸுக்கு வாங்கிய விலையைப் போடுவதா, ஸ்டாண்டர்டு விலையையா?
– கல்லூரி மாணவி, சிதம்பரம்

ஸ்டாண்டர்டு விலைதான். விலை வித்தியாசம் பிரைஸ் வேரியன்ஸில் போய்விட்டது. இங்கும் இழுத்து வந்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணுவீர்கள்.

லுங்கி நெய்கிறோம். பாவுக்கும் ஊடைக்கும் மிக்ஸ் வேரியன்ஸ் போட வேண்டுமாமே?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

வேண்டாம். ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டினாலும் அதே சரக்கு வரும் என்றால்தான் அந்தக் கணக்குக்கு வேலை. பாவைக் குறைத்தால் அது வேறு லுங்கி. நூல்வாரியாக யூசேஜ் வேரியன்ஸ் போடுங்கள். கழிவு நூலைத் தனியே நிறுத்து வையுங்கள்.

முந்திரி உடைக்கும் யூனிட்டில் உள்ளூர்க் கொட்டையோடு ஆப்பிரிக்கக் கொட்டையும் கலக்கிறோம். மிக்ஸ் வேரியன்ஸ் 2,000 ரூபாய் சாதகம். கொள்முதல் பார்க்கும் தம்பிக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாமா? கணக்குத்தாள் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், பண்ருட்டி

கொடுக்காதீர்கள். பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள். உங்கள் ஸ்டாண்டர்டு: உள்ளூர் 600 கிலோ (கிலோ 120 ரூபாய்), ஆப்பிரிக்கா 400 கிலோ (100 ரூபாய்), பருப்பு 250 கிலோ. போட்டதோ 500, 500. கிடைத்தது 240. உள்ளூரில் 12,000 மிச்சம், ஆப்பிரிக்காவில் 10,000 கூடுதல். 2,000 சாதகம் என்பது சரி. ஆனால் 1,12,000 ரூபாய்ச் சரக்குக்கு 250 கிலோ என்றால் பருப்பு கிலோ 448 ரூபாய். 10 கிலோ குறைந்ததில் ஈல்டு வேரியன்ஸ் 4,480 பாதகம். ஆகமொத்தம் 2,480 நஷ்டம். இதற்கா ஊக்கத்தொகை?

சாதகத்தை வாங்கியவர் பெயரிலும், பாதகத்தை உடைக்கும் பெண்கள் தலையிலும் எழுதும் வழக்கத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கொட்டைக்குள் இல்லாத பருப்பை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்? விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரகத்தில் சுமார் 29 சதவீதம் பருப்பு உண்டு; வந்து இறங்கும் எல்லாக் கொட்டையிலும் அவ்வளவு இருக்காது. லோடு இறங்கியதும் ஒரு கிலோ சாம்பிள் உடைத்து, பருப்பு எத்தனை கிராம், சொத்தை எத்தனை என்று எழுதி வையுங்கள். 80 கிலோ மூட்டையை உடைக்கப் போகும் அன்றும் நிறுங்கள். இல்லையென்றால் களத்தில் காய்ந்த ஈரமும் ஈல்டு நஷ்டமாக ஏறிவிடும். அந்த 240 கிலோவில் முழுப்பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு? டபிள்யூ 320 ரக முழுப்பருப்பின் விலைக்கு உடைசல் போகாது. ஈல்டு வேரியன்ஸுக்கோ இரண்டும் ஒரே கிலோ. உடைசலைத் தனிக் கணக்காக வையுங்கள்.

கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறேன். மாதாமாதம் ஈல்டு பாதகமாகவே வருகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, வடலூர்

பயப்படாதீர்கள் அம்மா. ஸ்டாண்டர்டு எந்த வருஷத்துக் கடலைக்குப் போட்டது என்று முதலில் பாருங்கள். பழசு என்றால், இப்போது வரும் கடலையை ஆட்டிப் பார்த்துப் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகும் பாதகம் வந்தால் பிண்ணாக்கில் எவ்வளவு எண்ணெய் தங்குகிறது என்று சோதிக்கக் கொடுங்கள்.