குளத்துக் கெண்டையும் இரத்தக் குழாயும்

மாரடைப்பு பட்டணத்துக்காரர்களின் நோய் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவருக்கும் அது வருகிறது. வந்தபின் டாக்டர் சொல்லும் பத்தியத்தில் "ஆட்டுக்கறியைக் குறையுங்கள், மீன் சாப்பிடலாம்" என்ற வாசகம் தவறாமல் இருக்கும். எந்த மீன் என்று பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. கடலோரத்தில் இருப்பவருக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கும். கடலுக்கு வெகுதூரம் தள்ளி, ஊரணியிலோ பண்ணைக்குட்டையிலோ கெண்டை வளர்க்கும் விவசாயி, தன் குளத்து மீன் அந்தப் பயனைத் தருமா என்று கேட்பது நியாயமே. தரும். ஆனால் எல்லாக் குளத்து மீனும் ஒரே அளவில் தராது. குளத்து நீரின் தன்மையும், இடும் தீனியும்தான் அதை முடிவு செய்கின்றன.

குழாய் அடைபடும் விதம்

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்களின் உட்புறம் மெல்லிய தோல் போன்ற படலம் உண்டு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் மிகும்போது அது இப்படலத்தின் அடியில் போய்ப் படிகிறது. ஆண்டுக்கணக்கில் படிந்து, வாய்க்காலில் வண்டல் சேர்ந்து மடை குறுகுவதுபோலக் குழாய் குறுகுகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. மடை அடைபட்ட வயல் காய்வதுபோல, இரத்தம் போகாத இதயத் தசை சாகிறது. இதுவே மாரடைப்பு. புகையிலை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகிய மூன்றும் இப்படிவை விரைவுபடுத்துபவை.

மீன் கொழுப்பில் ஒமேகா-3 என்னும் வகைக் கொழுப்பு அமிலங்கள் உள்ளன. அவற்றில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டும் முக்கியமானவை. இவை இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்கின்றன. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக் கட்டியாவதையும் ஓரளவு தடுக்கின்றன. 1970-களில் டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் பாங், டையர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து சென்று, கடல் உணவையே பெரிதும் உண்ணும் மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. அங்கே இதய நோய் உண்மையிலேயே குறைவா என்பது பற்றிப் பிற்காலத்தில் ஐயம் எழுந்துள்ளது. ஆயினும் அவர்கள் இரத்தத்தில் கண்ட மாற்றம் மெய்யானதே.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1989-இல் வெளிவந்தது. கொழுப்புள்ள மீனை வாரம் இருமுறையாவது உண்ணும்படி அறிவுரை பெற்றவர்களிடையே, இரண்டு ஆண்டுகளில் இறப்பு 29 சதவீதம் குறைவாக இருந்தது. நெஞ்சுவலி நோயாளிகளிடம் பின்னர் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில் அந்த நன்மை காணப்படவில்லை. சாதாரண மீன் எண்ணெய் மாத்திரைகளை வைத்து 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளிலும் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. ஆகவே மீனை மருந்தாக எண்ணுவது பிழை. கொழுப்பு மிகுந்த ஆட்டுக்கறியின் இடத்தில் மீன் வந்து உட்காருவதே பெரிய இலாபம்.

செக் நாட்டுக் கெண்டை

மேலே சொன்னவை யாவும் கடல் மீனைப் பற்றியவை. குளத்து மீனைப் பற்றிய நல்ல ஆராய்ச்சி, கடலே இல்லாத செக் நாட்டில் நடந்திருக்கிறது. அங்கே திரெபோன் வட்டாரத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மீன் குளங்கள் இன்றும் பயனில் உள்ளன. அவற்றுள் பெரிதான ரோசம்பெர்க் குளம் 1584 முதல் 1590 வரை வெட்டப்பட்டது. நம் ஊரில் சாதாக் கெண்டை என்று வளர்க்கிறோமே, அதே இனம்தான் அங்கும் முதன்மை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கெண்டை இல்லாத விருந்து அங்கே அரிது.

அந்நாட்டு மருத்துவர்கள், இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்து உடல் தேறி வந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வாரம் இருமுறை, வேளைக்கு 200 கிராம் வீதம் கெண்டை மீன் கொடுத்தனர். மற்றவர்களுக்கு வழக்கமான பத்திய உணவு. நான்கு வாரம் கழித்துப் பார்க்கையில், கெண்டை உண்டவர்களின் இரத்தத்தில் கொழுப்பு நிலை நன்கு சீர்பட்டிருந்தது. இந்த முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. நான்கு வாரம் என்பது குறுகிய காலம். அளந்ததும் இரத்தக் கொழுப்பைத்தானே அன்றி மாரடைப்பை அல்ல. இருந்தாலும் குளத்து மீனுக்கும் வேலை உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

விவசாயிக்கு இதைவிடப் பயனுள்ளது, தெற்கு பொஹீமியாப் பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த மற்றொரு செய்தி. குளத்தில் இயற்கையாக விளையும் உணவை உண்டு வளர்ந்த கெண்டையின் சதையில் ஒமேகா-3 கூடுதலாக இருந்தது. கோதுமை, பார்லி போன்ற தானியத்தை நிறையத் தின்று கொழுத்த கெண்டையில் அது குறைந்துபோயிற்று. ஆளிவிதைப் பிண்ணாக்கு, கடுகு இனப் பிண்ணாக்கு சேர்த்த தீனி கொடுத்தபோது மீண்டும் ஏறிற்று. குளமும் ஒன்று, இனமும் ஒன்று. போட்ட தீனி வேறு என்பதால் கொழுப்பும் வேறாயிற்று.

மீனுக்கு ஒமேகா-3 எங்கிருந்து வருகிறது?

மீன் இதைத் தானாக அடிப்படையிலிருந்து உண்டாக்குவதில்லை. நீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத பாசிகளே உற்பத்தியாளர்கள். அவற்றிலும் எல்லாப் பாசியும் ஒன்றல்ல. குளத்து நீருக்கு இளம் பழுப்பு நிறம் தரும் டயாட்டம் பாசிகள் ஈ.பி.ஏ. நிறைந்தவை. நீரின் மேல் பச்சை வண்ணம் கரைத்தாற்போல் ஆடை கட்டும் நீலப்பச்சைப் பாசிகளில் அது இல்லை என்றே சொல்லலாம். பாசியை நீர்த்தெள்ளு முதலிய நுண்ணுயிர்கள் தின்கின்றன. அவற்றைக் கட்லா தின்கிறது. அடிச்சேற்றுப் புழுக்களையும் மக்கையும் மிர்காலும் சாதாக் கெண்டையும் தின்கின்றன. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கெட்டால் கடைசியில் சாப்பாட்டுத் தட்டிலும் கெடும்.

பின்லாந்து ஏரிகளில் செய்து 2016-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உரச்சத்து மிகுந்துபோன ஏரிகளில் நல்ல பாசிகள் குறைந்தன; அங்கே பிடித்த மீன்களில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும், தெளிந்த நீர் ஏரி மீன்களில் உள்ளதைவிடக் குறைவாயிருந்தன.

இதைப் படித்துவிட்டுக் குளத்துக்கு எருவே போடக்கூடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எரு இல்லாத குளத்தில் பாசி இல்லை, மீனும் இல்லை. அளவு மீறுவதுதான் கேடு.

25 சென்ட் குளத்தில்

25 சென்ட் பரப்பும், ஐந்து முதல் ஆறு அடி நீரும் உள்ள மண் குளத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் 20 முதல் 25 கிலோ சுண்ணாம்பு இடவேண்டும். ஒரு வாரம் சென்று 200 கிலோ சாணத்தைக் கரைத்து ஊற்றலாம். அடுத்து வரும் மாதங்களில் நீரின் நிறம் பார்த்துச் சிறுகச் சிறுக இடுவதே முறை. நாலு விரல் நீளமுள்ள குஞ்சுகள் 500 போதும். கட்லா 200, ரோகு 150, மிர்கால் 150 என்று விடலாம். மிர்காலில் பாதிக்குப் பதில் சாதாக் கெண்டையும் விடலாம். ஆனால் அது கரையைக் குடையும், கரை பலமில்லாத குளத்துக்கு உதவாது. புல் கெண்டை இருபது முப்பது சேர்ப்பது நல்லது. தரமான குஞ்சு கிடைக்கும் இடத்தை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பொறுக்கின குஞ்சு என்று தெருவில் கூவி விற்பதை வாங்கி ஏமாந்தவர் பலர்.

எரு இடும் அளவை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. வெயில் ஏறியபின் குளத்தில் இறங்கிக் கையை நேராக நீட்டி முழங்கை வரை நீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். முழங்கை மூழ்குமுன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம். எருவையும் தீனியையும் நிறுத்த வேண்டும். முழங்கை மூழ்கியபிறகும் உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் பாசி போதவில்லை. கொஞ்சம் சாணம் கரைக்கலாம். முழங்கை அளவில் மங்கலாகத் தெரிவதே சரியான பக்குவம். நீரின் மேல் பச்சை ஆடை கட்டினால் அதைக் காற்றடிக்கும் கரையோரத்தில் துணியால் வழித்தெடுத்து, புதுநீர் பாய்ச்ச வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று பொருள். அன்று தாமதிக்காமல் புதுநீர் விட்டாக வேண்டும். மதியம் வரை காத்திருந்தால் குளம் முழுவதும் மிதக்கும்.

பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டைகளில் அடிச்சேறு இல்லாததால் மிர்கால், சாதாக் கெண்டை இரண்டும் சரியாக வருவதில்லை. அங்கே சாணத்தைக் கோணியில் கட்டித் தொங்கவிடுவது நலம்.

தீனி விஷயம்

தவிடும் கடலைப்பிண்ணாக்கும் சம அளவில் கலந்து கொடுப்பது நம் வழக்கம். மீன் எடை போடுவதற்கு இது நல்ல தீனியே. ஆனால் கடலை எண்ணெயில் ஒமேகா-3 கிடையாது. தவிட்டு எண்ணெயிலும் மிகச் சொற்பம். இதையே வாரிக் கொட்டினால் செக் நாட்டில் கோதுமை தின்ற கெண்டையின் கதைதான் இங்கும் நடக்கும், காசும் வீண். குளத்திலுள்ள மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். 400 மீன்கள் தலைக்குக் கால் கிலோ இருந்தால் மொத்தம் 100 கிலோ. நாளைக்கு 2 கிலோ தீனி. மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டு நாலைந்து மீனை நிறுத்துப் பார்த்தால் கணக்குத் தப்பாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கை மீனுக்கும் போடக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாது.

பசும்புல்லில் உள்ள சிறிதளவு கொழுப்பில் பெரும்பகுதி ஒமேகா-3 வகையின் மூலப்பொருள். கெண்டை இன மீன்களுக்கு அதை ஈ.பி.ஏ., டி.எச்.ஏ.-வாக ஓரளவு மாற்றிக்கொள்ளும் திறன் உண்டு; கடல் மீன்கள் பலவற்றுக்கு அத்திறன் குறைவு. எனவே புல் கெண்டைக்கு இளம்புல், அசோலா, நீர்க்களை என்று தாராளமாகக் கொடுக்கலாம். அதன் கழிவு மற்ற மீன்களுக்கு எருவாகும். ஆளிவிதைப் பிண்ணாக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் பக்கத்தில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கட்டாது.

வயலில் தெளிக்கும் பூச்சி மருந்து குளத்துக்கு வராதபடி கரையை உயர்த்த வேண்டும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிதளவே மீனைக் கொல்லும். சாயக் கழிவும் தோல் பதனிடும் கழிவும் கலக்கும் குளத்து மீனை உண்ணக் கூடாது, விற்கவும் கூடாது.

சமையலும் பத்தியமும்

குளத்து மீன் மத்திக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரோகு, கட்லாவில் கொழுப்பே குறைவு. எனவே ஒமேகா-3-யும் குறைவு. வாரம் ஒருநாள் மத்தி கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. குளத்து மீனைக் குழம்பாகவோ அவியலாகவோ செய்தால் உள்ள சத்தாவது உடம்பில் சேரும். பலமுறை காய்ச்சிய எண்ணெயில் முறுகப் பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம், உறிஞ்சிய எண்ணெய் அதிகம் என்று ஆகிவிடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்புக் கருவாடு ஆகாது. மீன் சாப்பிடுகிறோம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கிராமங்களில் இது நடக்கிறது.

குளத்து மீனை மண்வாடை அடிக்கிறது என்று சிலர் ஒதுக்குவர். அந்த வாடை மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி வெளிவிடும் பொருளால் வருகிறது. செக் நாட்டில் பிடித்த கெண்டையைத் தெளிந்த நீரோடும் தொட்டிகளில் சில நாட்கள் தீனியின்றி வைத்திருந்துதான் விற்கிறார்கள். இங்கும் கிணற்றடித் தொட்டியில் பம்புசெட் நீரை ஓடவிட்டு, உயிர் மீனை நான்கைந்து நாள் வைத்திருந்து பிடித்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். மேலே நிழலுக்கு ஓலையும், காக்கை கொத்தாமல் வலையும் போடவேண்டும். நாள் பார்த்துக் கரையிலேயே உயிரோடு விற்றால் ஐஸ் செலவும் மிச்சம்.