மல்லை முதல் அரிக்கமேடு வரை: ஒரு கரைவழி நடை

பண்டைத் தமிழ்ப் புலவர் கண்ட இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. வள்ளலை நாடிச் சென்று பரிசில் பெற்று மீள்பவன், வழியில் எதிர்ப்படும் வறியோன் ஒருவனுக்குத் தான் சென்ற நெறியைக் கூறி, அவனையும் அந்நெறியிற் செலுத்துதலே அதன் பொருளாம். நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணரை ஆற்றுப்படுத்துவது. அது காட்டும் வழியிற் கடலோரத்து எயிற்பட்டினமும் ஒன்று. அப்பட்டினமே இந்நாளைய மரக்காணம் என்பர் அறிஞர் பலர்.

இந்நூலை வகுப்பிற் பாடமாகக் கேட்ட யாம், அக்கரையைக் காலால் நடந்து காண விழைந்தோம். ஆசிரியர் ஒருவரும் மாணவர் அறுவருமாக எழுவர், சென்ற தை மாதத்திற் புறப்பட்டோம். சாளுவன்குப்பத்திலே தொடங்கி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம், புதுச்சேரி என்னும் ஊர்களின் வழியே அரிக்கமேட்டில் எம் நடை முடிவுற்றது. தொலைவு ஏறத்தாழ 65 மைல். சென்ற நாள் ஏழு. புறப்படும்போது எம் உள்ளத்தில் ஒரே கருத்து வேரூன்றியிருந்தது. பழம்பட்டினங்களைக் கடல் கொண்டது என்பதே அது. ஏழு நாளின் பின்னர் அக்கருத்தை யாம் அவ்வாறே வைத்துக்கொள்ளக் கூடவில்லை. அஃது ஏன் என்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நாட் காலையிற் சாளுவன்குப்பத்தை அடைந்தோம். இது மாமல்லபுரத்திற்கு வடக்கே மூன்று மைல் அளவில் உள்ளது. புலிக்குகை என வழங்கும் பல்லவர் குடைவினைக் காண வருவோர் பலர்; அதன் அருகே மணலினின்று வெளிப்பட்ட முருகன் கோயிலைக் காண்போர் சிலரே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரை மணலை அரித்துச் செல்ல, பாறையொன்றிற் பொறித்த கல்வெட்டு வெளிப்பட்டது. அதனைத் துணையாகக் கொண்டு 2005இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அவ்விடத்தை அகழ்ந்தனர். பல்லவர் காலக் கருங்கற் பணியும், அதன் கீழே அதனினும் முற்பட்ட செங்கற் கோயிலும் வெளிவந்தன. செங்கற் கோயில் சங்க காலத்தது என்பர் அகழ்ந்தோர். அங்கே நின்ற எமக்கு முதல் ஐயம் எழுந்தது. எத்தனையோ நூற்றாண்டு இக்கோயிலை மறைத்து வைத்தது மணல். அதனை மீட்டுத் தந்ததோ கடல். எனின், கடலை மட்டும் பகையென்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

அன்று மாலை மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கண்டோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எடுத்த கற்றளி இது. 1984இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக இவ்வூரின் சிற்பத் தொகுதி ஏற்கப்பட்டது. கடலின் எதிரே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கும் இக்கோயிலின் சிற்பங்களைத் தேய்த்தவை பெரும்பாலும் உப்புக் காற்றும் அது வாரி இறைக்கும் மணலுமே. அலையைத் தடுக்கக் கற்களைக் கொட்டியும், காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தும் அதனைக் காத்து வருகின்றனர்.

இரண்டாம் நாள் தெற்கு நோக்கி நடந்தோம். கல்பாக்கத்து அணுமின் நிலையத்தைச் சார்ந்த கரை காவலுக்கு உட்பட்டது; ஆதலின் அவ்விடத்தில் மணலை விட்டுச் சாலையை அடைந்து சுற்றிச் சென்றோம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டிலே வந்து தங்கித் துணி வாணிகம் நடத்தினர். செங்கற் கோட்டையின் மதிலும், உள்ளே நுண்ணிய வேலைப்பாடு அமைந்த கல்லறைக் கற்களும் இன்றும் உள்ளன. 1782ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயர் கப்பற்படையும் இவ்வூர்க்கு நேரே கடலிற் பொருதன. இங்குக் கோட்டை அழிந்தமைக்குக் காரணம் கடல் அன்று. போரும், கைமாறிய வாணிகமுமே.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததை மறையாமற் கூறுதல் எம் கடன். காலையிற் பாலாற்றின் முகத்துவாரத்தை அடைந்தோம். அகலம் நூறு அடிக்குள் இருந்தது. நீர் தெளிந்து, அடிமணல் தோன்றும்படி ஆழமற்றதாகக் காணப்பட்டது. பாலத்தின் வழியே செல்வதாயின் சில மைல் சுற்ற வேண்டும். மாணவர் இருவர் மூட்டையைத் தலைமேற் கொண்டு நீரில் இறங்கினர், ஆசிரியரும் தடுத்திலர். முழங்கால் அளவு நீர் பத்தடியில் இடையளவாயிற்று. காலடி மணல் குழைந்து நழுவியது. கரையில் வலை பழுது பார்த்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து ஓடிவந்து கூவினார். அவர் சொற்களை அவ்வாறே தருகின்றோம்.

"தம்பிகளா, திரும்புங்க! நேத்து மணல் இருந்த இடத்துல இன்னைக்கு ஆள் மறையுற தண்ணி. ஆறு எந்தப் பக்கம் வாய் திறக்கும்னு எங்களுக்கே விடிஞ்சாத்தான் தெரியும்." பின்பு ஆசிரியரை நோக்கி, "ஐயா, படிச்சவங்க நீங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு இறக்கக் கூடாதா?" என்றார்.

இருவரும் நனைந்து நடுங்கிக் கரையேறினர். ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. அப்பெரியவர் எம்மை அமரச் செய்து, ஆற்றின் வாய் எவ்வாறு திறந்து மூடும் என்பதை மணலிலே விரலாற் கோடிட்டு விளக்கினார். அவர் கூறியதும், பின்னர் யாம் நூல்களிற் படித்ததும் ஒன்றாகவே இருந்தன.

அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். அலை கரையை நேரே வந்து தாக்குவதில்லை. சிறிது சாய்ந்தே தாக்குகின்றது. ஏறும் அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும் நீர் அதனை நேர்கீழாக இழுக்கும். இவ்வாறு ஒவ்வோர் அலையிலும் மணல் கரையோரமாகச் சிறிது தொலைவு பெயர்கின்றது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் நம் சோழமண்டலக் கரையின் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவத்திலே தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. இம்மணல் ஆற்றின் வாயிலிற் குவிந்து திட்டாகும். ஆற்றில் வெள்ளம் வரின் திட்டு உடையும். வெள்ளம் குன்றின் வாய் அடைபடும். வாய் திறந்திருந்தால் உட்கழி மரக்கலங்களுக்குப் புகலிடம். அடைபட்டால் அது வெறும் உப்பங்கழி.

இதனைக் கேட்டபின் எம் கண்ணுக்குக் கரை முழுவதும் வேறாகத் தோன்றியது. யாம் காணச் செல்லும் பழந்துறைகள் பெரும்பாலும் ஆற்று வாயையோ கழியையோ அடுத்தவை. வண்டியிற் செல்வோன் பாலத்தின்மேல் ஒரு நொடியில் இவற்றைக் கடப்பான். நடப்பவனோ ஒவ்வொன்றிலும் நின்றே ஆக வேண்டும். எவ்விடம் நடப்பவனைத் தடுக்கின்றதோ, அவ்விடமே பண்டு மாலுமியை அழைத்தது. இவ்வுண்மையை எமக்குப் பாலாறு கற்பித்தது.

பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து, குப்பங்கள் பலவற்றின் ஊடே நடந்து, நான்காம் நாள் பிற்பகல் ஆலம்பரையை அடைந்தோம். கழியின் ஓரத்தில் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டிய இக்கோட்டை முகலாயர் காலத்தது. 1750இல் இது பிரெஞ்சுத் தலைவர் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். ஒரு காலத்தில் நாணயம் அச்சிட்ட இடம் இது. எஞ்சிய மதிலின் ஒரு பகுதியை 2004ஆம் ஆண்டின் பேரலை சிதைத்தது. வெடிமருந்தும் அலையும் ஒரே சுவரில் விட்ட வடுக்களை இங்கே காணலாம்.

ஐந்தாம் நாட் படகிற் கழியைக் கடந்து மரக்காணம் புக்கோம். நூறு கல்லுக்கு அப்பாலிருந்து யாம் கனவு கண்ட எயிற்பட்டினம் இதுவே. மதிலும் மாளிகையும் காணோம். கண்ணெட்டும் தொலைவு உப்பளங்கள். பாத்திகளில் வெண்மையான உப்புக் குவியல்கள். அப்பால் பறவைகள் நிறைந்த கழுவெளி. இவ்வேரி 2024இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கிரேக்க மொழியிற் செங்கடற் பயணம் பற்றி முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூசு என்னும் நூல், இக்கரையிற் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைகளை வரிசையாகக் கூறுகின்றது. இவற்றுட் சோபட்மா மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. சிறுபாணாற்றுப்படையோ, அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்கள்போற் கிடந்தன என்றும், அவற்றை விறகாகக் கொண்டு பரதவர் மகளிர் அடுப்பெரித்தனர் என்றும் கூறுகின்றது. அயல்நாட்டான் துறையின் பெயரை மட்டும் குறித்தான். நம் புலவர் அங்கே எரிந்த அடுப்பையும் கண்டார்.

ஆறாம் நாளும் ஏழாம் நாட் காலையும் புதுச்சேரி நோக்கி நடந்தோம். பொம்மையார்பாளையம், தந்திராயன்குப்பம் முதலிய ஊர்களை அணுகியபோது நடக்க மணலே இல்லை. கரை எங்கும் கருங்கற் பாறைகள் கொட்டிக் கிடந்தன. அவற்றின்மேல் ஏறி இறங்கிச் சென்றபோது, மீன் உலர்த்திக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் எம்மை நோக்கி, "என்னத்தப்பா பாக்க வந்தீங்க?" என வினவினார். பழைய இடிபாடுகளைக் காண வந்தோம் என்றோம். அவர் கடலைச் சுட்டி, "அதோ அலை உடையுதே, அங்கதான் எங்க அடுப்பு இருந்துச்சு. அதையும் எழுதிக்குங்க" என்றார்.

அவர் கூறியதன் காரணம் தெற்கே சில மைலில் உள்ளது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றின் வாயில் 1980களிற் புதுத் துறைமுகத்திற்காகக் கடலினுள் இரண்டு கற்சுவர்கள் நீட்டப்பட்டன. ஆண்டுதோறும் வடக்கு நோக்கிச் செல்லும் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் அவற்றால் தடைப்பட்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை கரைந்தது. நகரத்தின் முன்னிருந்த மணற்பரப்பு மறைந்தது. அந்நகரைக் காக்கப் பாறை கொட்டியபின், அரிப்பு அடுத்தடுத்த குப்பங்களுக்குப் பரவியது. 2018இற் கடலில் எஃகினாலான தடுப்பொன்றை அமைத்தபின் நகரத்தின் முன் ஓரளவு மணல் திரும்பியது.

ஏழாம் நாட் பிற்பகல் அரிக்கமேட்டை அடைந்தோம். பெரிப்ளூசு கூறும் பொதுகே இதுவெனக் கொள்வர். அதே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், தோப்பினிடையே, உயர்ந்த செங்கற் சுவர்கள் சில நின்றன. யாம் விரைந்து சென்று அவற்றை யவனர் கட்டிய பண்டகசாலை என எண்ணி மகிழ்ந்தோம். ஆசிரியர் நகைத்து, அவை பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரெஞ்சுப் பாதிரிமார் எடுத்த கட்டடத்தின் எச்சம் எனத் தெருட்டினார். உண்மையான பழம்பட்டினம் எம் காலின் கீழே இருந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் காசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கு அகழ்ந்தனர். மது கொணர்ந்த யவனச் சாடிகளின் ஓடுகள், இத்தாலிய நாட்டுச் செம்மட்கலங்கள், பலவகை மணிகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியன கிடைத்தன. அகழ்ந்த குழிகள் மீண்டும் மூடப்பட்டன. இப்பட்டினத்தைக் கடல் கொள்ளவில்லை, மண் மூடியது, பழஞ்செங்கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்துச் சென்றனர்.

ஆற்றங்கரையில் அமர்ந்து எம் ஏழு நாட் குறிப்பையும் எடுத்து நோக்கினோம். மணல் மூடியது, காற்றுத் தேய்த்தது, வாணிகம் பெயர்ந்தது, படை தகர்த்தது, மக்கள் பெயர்த்தனர் என வெவ்வேறு காரணங்கள் இருந்தன. கடல் கொண்டது என ஐயமின்றி எழுதத்தக்க இடம் ஒன்றே. அது முந்நாட் கண்ட அம்மையாரின் அடுப்படி. அதனையும் கடல் தானாகக் கொள்ளவில்லை; மணலின் வழியை மறித்த நாமே கொள்ளுவித்தோம். இடிபாடு என்பது முடிந்துபோன பழங்கதை என்று எண்ணிப் புறப்பட்ட யாம், அஃது இன்றும் உண்டாகி வருவதைக் கண்டு மீண்டோம். அவ்வம்மையார் கேட்டபடி அதனையும் எழுதினோம்.

இனி இவ்வழிச் செல்ல விழையும் மாணவர்க்குச் சில கூறுவோம். தை, மாசி மாதங்கள் நடைக்கு ஏற்றவை. விடியுமுன் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நடையின் பெரும்பகுதியை முடித்தல் நன்று. நீர் வடிந்த ஈர மணலில் நடப்பின் கால் புதையாது. மூட்டை எட்டுக் கிலோவை மிகலாகாது. அதிற் பாதி குடிநீராக இருக்கட்டும். அவல், பொரிகடலை, வெல்லம் ஆகியன கெடாமல் உதவும். பழம்பொருள் கிடக்கும் இடத்தில் ஓடொன்றையும் எடுத்து வரற்க. கிடந்த இடத்தை விட்டு நீங்கிய ஓடு தன் வரலாற்றை இழந்துவிடும். குப்பத்தினுட் புகுமுன் அங்குள்ள பெரியவரிடம் சொல்லிச் செல்க. எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று: ஆற்றின் வாயை அடைந்தால், நீர் எத்துணைத் தெளிவாகத் தோன்றினும், கரையில் வலை பழுது பார்ப்பவரை ஒரு வார்த்தை கேட்ட பின்னரே கால் வைக்க.