அடித்த போன் கிடைக்குமா?

பேருந்து நெரிசலில் என் ஆண்ட்ராய்டு போனை யாரோ அடித்துவிட்டார்கள். கூப்பிட்டால் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்கிறது. கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

உண்டு. வீட்டில் யாருடைய போனிலாவது உங்கள் ஜிமெயில் கணக்கோடு கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’பில் நுழையுங்கள். போன் கடைசியாக எங்கே இருந்தது என்று மேப்பில் தெரியும், அங்கிருந்தே பூட்டிவிடலாம். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அழித்தபின் இடம் காட்டாது.

அதைவிட அவசரம் சிம். வங்கி ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தானே வருகிறது? இன்றே அதை முடக்கி, அதே எண்ணில் புது சிம் வாங்குங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

பிறகு போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதியுங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் கேட்பார்கள், போன் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும். (பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்றா? பில்லைத் தேடுங்கள்.) அதன்பின் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் வேலை செய்யாது. திருடியவர் வேறு சிம் போட்டுப் பார்த்தால் போலீஸுக்குத் துப்பு கிடைக்கும்.

மேப் காட்டும் வீட்டுக்குத் தனியாகப் போய் நியாயம் கேட்காதீர்கள்; காவலரை அழைத்துப் போங்கள்.